நெருப்பின் நடுவே

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோவில் பழைய நகர், புதிய நகர் என இரு பகுதிகள் உண்டு. பழைய நகர் ஒரு குன்றின் முதுகில் அமைந்தது. குன்றின் தலையில் கோட்டை. கோட்டை வாயிலிலிருந்து கிழக்கே சரிந்து செல்வது நெடுந்தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தெருவின் இரு மருங்கிலும் ஏழடுக்கு, எட்டடுக்கு வீடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு குடும்பம். சில அடுக்குகளில் பல குடும்பங்கள். வீடுகளின் வரிசைக்கிடையே வண்டி நுழைய இயலாத சந்துகள். வெளிச்சுவர் கல்லாயினும், உள்ளே தளமும் தடுப்பும் கூரைச்சட்டமும் மரமே. விறகை அடுக்கி, அதனைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பியது போன்றவை அவ்வீடுகள். அவற்றுள் ஒன்றில் தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நகரில் 1800-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் பிறந்தார். தந்தையார் மரச்சாமான்கள் செய்யும் தொழிலும் கட்டடத் தொழிலும் நடத்தியவர். சிறுவர் ஜேம்ஸ் நகரின் புகழ்பெற்ற உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்பு தந்தையாரின் தொழிலில் ஈடுபட்டுக் கட்டடங்களை அளந்து மதிப்பிடும் வேலையைக் கற்றுக்கொண்டார். எந்த உத்தரம் எந்தச் சுவரைத் தாங்குகிறது, எந்தத் தளம் எவ்வளவு சுமை பொறுக்கும், கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் இருக்கும் என்பனவெல்லாம் அவருக்கு இளமையிலேயே விரல் நுனியில் இருந்தன. பிற்காலத்தில் புகை நிறைந்த வீட்டினுள் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத நிலையிலும் அவர் வழி தவறாமல் நடந்தார் என்றால், அதற்குக் காரணம் இந்தப் பழைய கல்வியே.

அக்காலத்தில் தீயணைப்பு என்பது ஊராரின் பொதுப்பணியாக இல்லை. வீடுகளுக்கும் கடைகளுக்கும் காப்பீடு செய்யும் இன்ஷூரன்சுக் கம்பெனிகள் தத்தம் இயந்திரங்களைத் தனித்தனியே வைத்திருந்தன. பணம் கட்டியவர் வீட்டு வாயிலில் கம்பெனியின் முத்திரைத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். தீப்பிடித்தால் பல கம்பெனிகளின் ஆட்களும் ஓடி வருவர். எவர் கட்டளைக்கு எவர் பணிவது என்ற வரையறை இராது. 1824-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்தார் இந்த முறையை மாற்ற முற்பட்டனர். நகர அதிகாரிகளும் கம்பெனிகளும் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே படையை அமைத்தனர். பிரிட்டன் நாட்டில் ஒரு நகரத்திற்கென அமைந்த முதல் தீயணைப்புப் படை அதுவே என்பர். அதன் தலைவராகப் பிரெய்ட்வுட் அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

பதவியேற்றுச் சில வாரங்களே கழிந்தன. படைவீரர்களுக்குப் பயிற்சி இன்னும் முற்றுப்பெறவில்லை. 1824 நவம்பர் 15-ஆம் நாள் இரவு பத்து மணியளவில், நெடுந்தெருவை ஒட்டிய ஒரு சந்தில், செப்புத்தகடுகளில் படம் செதுக்கும் தொழிற்கூடம் ஒன்று தீப்பற்றியது. சந்து குறுகியது, இயந்திரங்களை உள்ளே கொண்டு செல்ல இயலவில்லை. தண்ணீர் கிடைப்பதிலும் தாமதம் ஏற்பட்டது. அதற்குள் தீ மாடிக்கு மாடி தாவி, அடுத்த வரிசை வீடுகளையும் பற்றிக்கொண்டது.

அன்றைய இரவில் தீயைக் காட்டிலும் பெரிய இடையூறு ஒன்று இருந்தது. நகரத் தலைவர்கள், நீதிபதிகள், காவல் அதிகாரிகள், கம்பெனிகளின் பிரதிநிதிகள் ஆகிய அனைவரும் அங்கே கூடியிருந்தனர், அனைவரும் கட்டளையிட்டனர். ஒருவர் கிழக்கே போகச் சொன்ன இயந்திரத்தை மற்றொருவர் மேற்கே திருப்பினார். மேலதிகாரிகள் சொல்லை மறுக்கும் உரிமை இளைஞராகிய பிரெய்ட்வுட்டுக்கு இல்லை. மறுநாள் டிரான் தேவாலயத்தின் கோபுரத்தில் தீப்பொறி விழுந்தது. கோபுரத்து ஈயத்தகடுகள் உருகி மழைபோல் சொட்டவே, வீரர்கள் உயிர் தப்பி விலக நேர்ந்தது. அன்றிரவே நாடாளுமன்றச் சதுக்கத்திலும் தீ மூண்டது. பல நாள்கள் எரிந்து முடிந்தபோது பதின்மூவர் இறந்திருந்தனர். நானூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்து தெருவில் நின்றன.

புதிய படையினால் பயனில்லை என்று நகரில் பலர் பழித்தனர். ஆனால் விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. தீ எரியும் இடத்தில் தீயணைப்புத் தலைவர் ஒருவரே கட்டளையிட வேண்டும். வேறு எவரும் குறுக்கிடலாகாது என்பது அதன்பின் விதியாயிற்று. இன்று உலகின் எல்லா ஊர்களிலும் இயல்பாகத் தோன்றும் இவ்விதி, எடின்பரோவில் பதின்மூன்று உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளப்பட்டது.

விதி வந்தபின் பிரெய்ட்வுட் தம் படையை உருவாக்கும் வேலையில் இறங்கினார். வலிமை மட்டும் உடையவர்களை அவர் தேடவில்லை. கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், கொல்லர், குழாய் வேலை செய்பவர் ஆகியோரிலிருந்து இளைஞர்களைப் பொறுக்கி எடுத்தார். கூரை வேய்பவன் உயரத்தில் தடுமாறமாட்டான். கொத்தனுக்குச் சுவரின் வலிமை தெரியும். தச்சனுக்கு எந்தக் கதவை எங்கே உடைத்தால் திறக்கும் என்பது தெரியும். குழாய் வேலை செய்பவனுக்குத் தெருவடியில் தண்ணீர் செல்லும் வழி தெரியும். இவர்கள் பகலில் தத்தம் தொழிலைச் செய்பவர்கள். அழைப்பு வந்ததும் ஓடி வருபவர்கள். ஆகவே பயிற்சிக்கு அவர் குறித்த வேளை வைகறை நான்கு மணி. அவ்வேளையில் தெருவில் போக்குவரத்து இராது, தொழிலுக்கும் கேடில்லை. மேலும் தீப்பிடிப்பது பெரும்பாலும் இரவில்தானே! இருளில் வேலை செய்து பழகியவனே இருளில் அஞ்சாதிருப்பான் என்பது அவர் எண்ணம். இயந்திரங்களுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என வெவ்வேறு நிறம் பூசி, ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு குழுவைப் பிரித்துக் கொடுத்தார். தம் இயந்திரம் எது என்பதில் எவருக்கும் ஐயம் எழ வாய்ப்பில்லை.

அவர் கற்பித்த முறை அக்காலத்தார்க்குப் புதுமையானது. அதற்கு முன்பெல்லாம் வீரர்கள் தெருவிலேயே நின்று, ஜன்னல் வழியே தெரியும் புகையின்மீது தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். தண்ணீர் சுவரை நனைக்கும்; தீயோ உள்ளே வளரும். எரியும் பொருளின்மீதே தண்ணீர் விழ வேண்டும். அதற்கு வீட்டினுள் நுழைந்து தீயை நெருங்க வேண்டும் என்றார் பிரெய்ட்வுட். புகை மேலே எழுவதால் தரையை ஒட்டித் தூய காற்று சிறிது இருக்கும். ஆதலால் தவழ்ந்து செல்லுமாறு பழக்கினார். எவரும் தனியே நுழையலாகாது. இருவராகவே செல்ல வேண்டும். ஒருவன் மயங்கினால் மற்றவன் இழுத்துக்கொண்டு வரலாம். தேவையின்றிக் கதவையும் ஜன்னலையும் திறந்தால் காற்றுப் புகுந்து தீ பெருகும். ஆகவே மூடியே வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் தொகுத்து 1830-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். தீயணைப்பு இயந்திரங்களின் அமைப்பு, வீரர்களின் பயிற்சி, தீப்பிடித்த இடத்தில் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் முறைப்பட எழுந்த முதல் நூல் அது எனலாம்.

வீரர்களை உள்ளே அனுப்பும் தலைவர், தாம் வெளியே நின்றாரா? எடின்பரோவில் ஓர் இரும்புக் கடையில் தீப்பிடித்தது. உள்ளே வெடிமருந்துப் பீப்பாய்கள் இருப்பதாகத் தெரிய வந்தது. அவற்றை எடுத்து வருமாறு எவரையும் ஏவுவதற்கு அவர் மனம் இசையவில்லை. தாமே உள்ளே சென்று ஒரு பீப்பாயைத் தூக்கி வந்தார். மறுபடியும் சென்று மற்றொன்றையும் கொண்டு வந்தார். அதன்பின் அவர் சொல்லுக்கு அப்படையில் எதிர்ச்சொல் இருந்திராது.

இலண்டன் மாநகரிலும் கம்பெனிகளின் தனித்தனிப் படைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டிருந்தன. அவற்றுள் பத்துக் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து 1833 ஜனவரி முதல் நாள் ஒரு பொதுப்படையை அமைத்தன. எண்பது வீரர்களும் பதின்மூன்று நிலையங்களும் கொண்ட அப்படைக்குத் தலைமை தாங்குமாறு பிரெய்ட்வுட்டை அழைத்தனர். அவர் எடின்பரோவை விட்டு இலண்டன் சேர்ந்து, வாட்லிங் தெருவிலிருந்த தலைமை நிலையத்தில் குடியேறினார். அடுத்த இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு அதுவே அவருக்கு வீடும் அலுவலகமும்.

எடின்பரோவில் கைத்தொழிலாளரைத் தேர்ந்தெடுத்தவர், இலண்டனில் மாலுமிகளைத் தேர்ந்தெடுத்தார். இங்கே வீரர்கள் முழுநேர ஊழியர்கள். பகலென்றும் இரவென்றும் பாராமல் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். கப்பலில் வாழ்ந்தவர்களுக்கு அது பழகிய வாழ்க்கை. கயிற்றில் ஏறுவதும், சொன்ன சொல்லை உடனே நிறைவேற்றுவதும் அவர்களுக்கு இயல்பு. சாம்பல் நிறச் சீருடையும், கழுத்தில் கொதிநீரும் உருகிய ஈயமும் விழாதவாறு பின்புறம் நீண்ட தோல் தலைக்கவசமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன.

அந்நாளைய இயந்திரம் இக்காலத்து இயந்திரத்தைப் போன்றதன்று. குதிரைகள் இழுத்து வரும். ஆனால் தண்ணீரை மேலே ஏற்றுவது மனிதரின் கைவலியே. இரு பக்கமும் நீண்ட பிடிகள். பெரிய இயந்திரமாயின் இருபத்தாறு, இருபத்தெட்டுப் பேர் ஏறியும் இறங்கியும் அப்பிடிகளை அமுக்க வேண்டும். இதற்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையே அமர்த்திக்கொள்வது வழக்கம். முதல் மணிக்கு ஒரு ஷில்லிங். பின்பு மணிக்கு ஆறு பென்ஸ். இடையிடையே பருகப் பீர். தெருவடியில் செல்லும் குழாயில் ஆங்காங்கே மரமுளை அடித்திருக்கும். அதனைப் பிடுங்கிப் பீறிடும் நீரைக் கித்தான் தொட்டியில் தேக்கித் தோற்குழாய் வழியே செலுத்துவர். இத்தகைய கருவிகளைக் கொண்டே உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று காக்கப்பட்டது.

1834 அக்டோபர் 16-ஆம் நாள் மாலை நாடாளுமன்ற மாளிகை தீப்பற்றி எரிந்தது. காரணம் கேட்பார்க்கு நகைப்பு விளைவிக்கும். பழங்காலத்தில் அரசாங்கக் கணக்கிற்காக மரக்கோல்களில் வெட்டுக்குறிகள் இடும் வழக்கம் இருந்தது. பயனற்றுப்போன அக்கோல்களைப் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த அடுப்புகளில் அளவின்றித் திணித்து எரித்தனர். புகைப்போக்கிகள் காய்ந்து மாளிகையையே பற்ற வைத்துவிட்டன. அம்மாளிகை காப்பீடு செய்யப்படாதது. கம்பெனிகளின் படைக்கு அங்கே கடமை ஒன்றும் இல்லை. எனினும் பிரெய்ட்வுட் பன்னிரண்டு இயந்திரங்களோடும் அறுபத்து நான்கு பேரோடும் விரைந்தார். சபை மண்டபங்கள் இரண்டும் தப்பா என்பதை உடனே உணர்ந்தார். எரிந்து போவதைக் காக்க முயன்றால் எஞ்சியதும் போய்விடும். ஆகவே எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைக் காப்பதிலேயே கருத்தைச் செலுத்தினார். அதன் பெரிய மரக்கூரையில் தீ ஏறாதவாறு, மண்டபத்தினுள்ளேயே இயந்திரங்களை நிறுத்தி இரவு முழுவதும் நனைத்தனர். மண்டபம் பிழைத்தது, இன்றும் நிற்கிறது. கைவிட வேண்டியது எது என்று அறிவதும் தலைவனுக்குரிய அறிவே போலும்.

நாட்டின் நாடாளுமன்றமே எரிந்தபின்பும், தலைநகரைத் தீயிலிருந்து காக்கும் பொறுப்பை அரசாங்கம் ஏற்க முன்வரவில்லை. அது கம்பெனிகளின் வேலை என்றே இருந்துவிட்டது. கம்பெனிகளுக்கோ பொருள்களைக் காப்பதே முதல் நோக்கம். எரியும் வீட்டில் சிக்கிய மக்களை மீட்பதற்கு, அறநோக்குடையோர் 1836-இல் தொடங்கிய சங்கம் ஒன்று ஏணிகளை வைத்துக்கொண்டு காவல் புரிந்தது. பிரெய்ட்வுட்டின் வீரர்கள் உயிரையும் மீட்டார்கள். ஆயினும் அப்பணி சட்டப்படி எவருடைய பொறுப்பும் அன்று. இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

1838 ஜனவரியில் அரச வணிக மாளிகை எரிந்தபோது கடுங்குளிரால் தண்ணீர் உறைந்து போயிற்று. 1841 அக்டோபரில் இலண்டன் கோட்டையின் படைக்கலச்சாலை எரிந்தது. இவை போன்ற பெருந்தீக்கள் சில. பெயர் அறியாத சிறு தீக்களோ ஆண்டுக்குப் பல நூறு. ஒவ்வொன்றின் காரணத்தையும் விளைவையும் பிரெய்ட்வுட் குறித்து வைத்தார். கட்டடப் பொறியாளர் சங்கத்தில் கட்டுரைகள் படித்தார். அரசாங்கமும் தன் கட்டடங்களைப் பற்றி அவரிடம் யோசனை கேட்டது.

அவரிடம் குறையே இல்லை என்பதற்கில்லை. நீராவியால் இயங்கும் தீயணைப்பு இயந்திரம் 1829-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் செய்யப்பட்டது. பிரெய்ட்வுட் அதனை நெடுங்காலம் ஏற்கவில்லை. அது மிகுந்த கனமுடையது. தெருக்குழாய்களால் அதற்குப் போதிய நீர் தர இயலாது. மிகுந்த நீரைத் தொலைவிலிருந்து வீசும் இயந்திரம் கிடைத்தால் வீரர்கள் தீயை நெருங்கும் பழக்கத்தையே மறந்துவிடுவர் என்று அவர் அஞ்சினார். அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் நகரம் வளர்ந்துகொண்டிருந்தது, கைவலிமை வளரவில்லை. 1860-ஆம் ஆண்டில்தான் தரையில் செல்லும் நீராவி இயந்திரம் ஒன்று அவர் படையில் இடம்பெற்றது.

மற்றொரு செய்தியில் அவர் கூறியதே உண்மையாயிற்று. தேம்ஸ் ஆற்றங்கரையில் வணிகர்கள் மாபெரும் பண்டகசாலைகளை எழுப்பினர். இரும்புத்தூண்கள் வைத்துக் கட்டியமையால் அவற்றைத் தீப்பற்றாத கட்டடங்கள் என்று நம்பினர். வார்ப்பிரும்பு வெப்பத்தால் வலிமை இழக்கும். சூடேறிய நிலையில் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துப் பிளக்கும். அதனால் முழுக்கட்டடமும் முன்னறிவிப்பின்றிச் சரியும் என்று பிரெய்ட்வுட் 1849-இல் எடுத்துக்காட்டினார். இடைச்சுவர் இல்லாத பெருங்கூடங்களில் தீ மூண்டால் எந்தப் படையாலும் அடக்க இயலாது என்றும் எச்சரித்தார். கேட்டவர்கள் சிலர், செவி சாய்க்காதவர்கள் பலர்.

1861 ஜூன் 22, சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, இலண்டன் பாலத்தை அடுத்த டூலி தெருவில், காட்டன் துறையிலிருந்த பண்டகசாலையிலிருந்து புகை எழுந்தது. சணல், பஞ்சு, கொழுப்பு, சர்க்கரை, வெடியுப்பு எனப் பற்பல சரக்குகள் அங்கே நிறைந்திருந்தன. சணற்பொதி தானே வெப்பமேறி எரிந்திருக்கலாம் எனக் கருதினர். தீயைத் தடுக்க அமைத்திருந்த இரும்புக் கதவுகள் திறந்தபடி கிடந்தன. ஆற்றில் நீர்மட்டம் தாழ்ந்திருந்தமையால் மிதக்கும் இயந்திரங்களும் நன்கு பயன்படவில்லை. அவர் எச்சரித்த தீ அவர் கண்முன்னே எரிந்தது.

வீரர்கள் சந்துகளில் நின்று, வெப்பத்தில் வாடிக்கொண்டே நீரைச் செலுத்தினர். மாலை ஏழரை மணியளவில் பிரெய்ட்வுட் அவர்களிடையே சென்று, களைப்பு நீங்கச் சிறிது பிராந்தி வழங்கச் செய்தார். ஒருவன் கையில் காயம் கண்டு, தம் கழுத்திலிருந்த பட்டுக்குட்டையை அவிழ்த்துக் கட்டினார் என்பர். பின்பு ஆற்றை நோக்கிச் செல்லும் சந்தில் நடந்தார். அப்போது உள்ளே பேரொலியுடன் வெடி எழுந்தது. உயர்ந்த சுவர் வெளிப்புறமாகப் பிதுங்கிச் சரிந்தது. உடனிருந்தவர்கள் கூவினார்கள், சிலர் தப்பினார்கள். பிரெய்ட்வுட்டும் மற்றொருவரும் இடிபாட்டினுள் புதைந்தனர். அவருக்கு வயது அறுபது.

தீ இரு வாரங்கள் எரிந்தது. உருகிய கொழுப்பு ஆற்றில் எரிந்துகொண்டே மிதந்தது. இலண்டன் பாலத்தின்மேல் மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். இழப்பு இருபது இலட்சம் பவுன் என மதிப்பிட்டனர். மூன்றாம் நாள்தான் தலைவரின் உடலை வெளியே எடுக்க முடிந்தது.

ஜூன் 29-ஆம் நாள் இறுதி ஊர்வலம் நடைபெற்றது. அது ஒன்றரை மைல் நீளம் இருந்தது. வழியெங்கும் கடைகள் மூடிக் கிடந்தன. தேவாலய மணிகள் துயரொலி எழுப்பின. ஆப்னி பார்க் இடுகாட்டில், அவர் மனைவியாரின் முதல் மணத்து மகனின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தனர். அம்மகனும் தீயணைப்பு வீரரே. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அதே பணியில் உயிர் துறந்தவர். பிரெய்ட்வுட்டின் சீருடையிலிருந்த பொத்தான்களை எடுத்து வீரர்களுக்கு நினைவுப்பொருளாகப் பகிர்ந்தளித்தனர்.

இழப்பைத் தாங்க இயலாத கம்பெனிகள், இனித் தலைநகரைக் காக்கும் சுமை தம்மால் ஆகாது என்று அரசாங்கத்துக்குத் தெரிவித்தன. 1865-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1866 ஜனவரி முதல் நாள், இலண்டனின் தீயணைப்புப் படை மக்களின் பொதுப்படையாயிற்று. பொருளோடு உயிரையும் காப்பது அதன் கடமையாயிற்று. ஏணிகளோடு காவல் புரிந்த சங்கத்தின் வேலையும் அடுத்த ஆண்டில் அதனோடு சேர்ந்தது. அப்படையின் தொடக்கநாள் வீரர்களில் பலர் பிரெய்ட்வுட்டிடம் பயின்றவர்கள்.

எடின்பரோ நகரத்தார் அவருக்கு 2008-ஆம் ஆண்டில் வெண்கலச் சிலை எழுப்பினர். அச்சிலை நிற்பது நாடாளுமன்றச் சதுக்கத்தில். 1824 நவம்பரில், பதவியேற்ற சில வாரங்களில், அவரால் காக்க முடியாமற்போன அதே சதுக்கத்தில்.